39 நாள்களில் 18 அமர்வுகள்

கோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் மீது 2009-இல் மாணவிகள் பாலியல் துன்புறுத்தல் புகார் கொடுத்தார்கள். விசாரணைக் குழு 39 நாள்களில் 18 முறை கூடியது. உடல்நலம் சரியில்லை என்று அவர் கேட்ட அவகாசம் கிடைக்கவில்லை. அவர் இல்லாமலே விசாரணை முடிந்தது, வேலையும் போனது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தப் பணிநீக்கத்தை ரத்து செய்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி விசாரிக்கச் சொன்னது.

அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. தன் தரப்பைச் சொல்ல அவருக்குப் போதிய வாய்ப்புத் தரப்படவில்லை என்றது, அவ்வளவுதான். 14 ஆண்டுகள் ஆகியும் புகார் கொடுத்தவர்களுக்கும் முடிவு கிடைக்கவில்லை. 'இப்படிப்பட்ட ஆளுக்கு என்ன உரிமை?' என்று கோபப்படுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நம் அலுவலகங்களில் 'விசாகா கமிட்டி' என்று அழைக்கப்படும் புகார்க் குழு, பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்குகிறது. புகாரின் நகல் 7 வேலை நாள்களுக்குள் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும். அவர் 10 வேலை நாள்களுக்குள் ஆவணங்கள், சாட்சிகளின் பட்டியலோடு பதில் தரலாம். விசாரணையில் குழுத் தலைவரையும் சேர்த்துக் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். தகுந்த காரணமின்றித் தொடர்ந்து 3 அமர்வுகளுக்கு வராதவரை விட்டுவிட்டு முடிவெடுக்கலாம். அதற்கும் 15 நாள் முன்பே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ள இரு தரப்புக்கும் அனுமதி இல்லை. அதனால்தான் நிதானமாக, இருவருக்கும் புரியும்படி நடக்க வேண்டிய கடமை குழுவுக்குக் கூடுகிறது. முடிவை எதிர்த்து 90 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

அதிகம் மீறப்படுவது ரகசியக் காப்பு என்றே நினைக்கிறேன். புகார் கொடுத்தவரின் பெயரைப் போலவே குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரையும் வெளியிடக் கூடாது என்கிறது சட்டம். விசாரணை தொடங்கும் முன்பே அலுவலக வாட்ஸ்அப்பில் தீர்ப்பு எழுதுவது இருவருக்குமே அநியாயம்.

பொய்ப் புகாருக்கு நடவடிக்கை எடுக்கவும் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. ஆனால் நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே ஒரு புகார் பொய்யாகிவிடாது. கெட்ட நோக்கம் தனியே விசாரித்து உறுதி செய்யப்பட வேண்டும். இந்தப் பிரிவைக் காட்டிப் பெண்களை மிரட்டுபவர்கள் சட்டத்தைப் படிக்காதவர்கள்.

உங்கள் மீது புகார் என்று நோட்டீஸ் வந்தால் புகார் கொடுத்தவரை அழைத்துப் பேசாதீர்கள், ஆள் விட்டுச் சமாதானமும் பேசாதீர்கள். மின்னஞ்சல், குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள். கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள்.