சொன்ன பிள்ளைக்கு யார் காவல்?

2023 ஆகஸ்ட் 9 இரவு. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியவர்கள் அவனோடு பள்ளியில் படித்த சிறுவர்கள்.

செய்தியைப் படித்த அன்று அழுகைதான் வந்தது. பிறகு ஒரு கேள்வி வந்தது. அது இன்னும் போகவில்லை. சாதித் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போகாதிருந்த பையன், ஆசிரியர்கள் விசாரித்த பிறகே வாய் திறந்தான். புகார் சொன்னான், வெட்டுப்பட்டான். பயப்படாமல் சொல் என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். சொன்ன பிள்ளைக்கு யார் காவல்?

2024 மே மாதம் அவன் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தான். கை காயத்தால், அவன் சொல்லச் சொல்ல வேறொருவர் தேர்வு எழுதினார். ஊரெல்லாம் பாராட்டியது. நானும் மகிழ்ந்தேன். ஆனால், படிப்பதற்கு ஒரு பிள்ளைக்கு இவ்வளவு துணிச்சல் ஏன் தேவைப்பட வேண்டும்?

அடுத்த மாதமே ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அரசிடம் அறிக்கை கொடுத்தார். மாணவர் கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றார். அவற்றைச் செய்ய வேண்டியது அரசு.

கயிற்றை அவிழ்க்க அரசாணை வேண்டாம், தம்பி தங்கைகளே. இன்னொன்றும் உங்களால் முடியும். உங்கள் வகுப்பில் காரணம் சொல்லாமல் நாலு நாளாக வராத பிள்ளை யார்? ஆசிரியரை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள். அவன் சொல்வதைக் கேட்டுவிட்டுத் தனியே விட்டு வராதீர்கள்.