ஓட்டக் களத்திற்கு ஏற்ற மோட்டார் வண்டி

விரைந்து செல்ல வேண்டும் என்னும் வேட்கை மக்களுக்குப் புதியதன்று. வினைமுடித்து மீளும் தலைவன், தன் தேர்ப்பாகனை நோக்கித் தேரை விரைந்து செலுத்துமாறு வேண்டுவது முல்லைத் திணையைப் பயில்வோர் யாவரும் அறிந்ததே. அப்பாகன் குதிரையின் ஆற்றலையும், நிலத்தின் இயல்பையும், கடிவாளத்தின் உறுதியையும் ஒருங்கே அறிந்தவனாயிருத்தல் வேண்டும். இக்காலத்தில் மோட்டார் வண்டியை விரைந்து செலுத்த விரும்புவோர்க்கும் இம்மூன்றும் இன்றியமையாதன. அவ்விருப்பமுடையோர் எத்தகைய வண்டியைத் தெரிந்துகொள்ளல் வேண்டும், அதனை எவ்வாறு செப்பஞ்செய்தல் வேண்டும் என்பவற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் ஊர் தருமபுரி மாவட்டத்து மொரப்பூர். சென்னையினின்றும் கோவைக்குச் செல்லும் இருப்புப்பாதை எம்மூர் வழியே செல்கின்றது. எம்மூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ஆம் ஆண்டில் ஒரு குறுகிய இருப்புப்பாதையும் அமைக்கப்பட்டது. பின்னர் ஓசூர்வரை நீண்ட அப்பாதை 1941-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதன்பின் அவ்வழிச் செல்வோர்க்குச் சாலையே துணையாயிற்று. அச்சாலையில் இரவு வேளைகளில் இளைஞர் சிலர் பந்தயமிட்டு வண்டியோட்டுவர். உழவு யந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கும் என் தமையனாரும் அவருள் ஒருவர். மூன்றாண்டுகளுக்கு முன் ஓரிரவு, அவரோடு போட்டியிட்டுச் சென்ற நண்பர் ஒருவர், குறுக்கே வந்த மாடொன்றைக் கண்டு வண்டியைத் திருப்பி, வீழ்ந்து, முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தார். விடியுமளவும் மருத்துவமனை வாயிலில் நின்ற தமையனார், வீடு திரும்பியபின் ஒரு சொல்லும் பேசவில்லை. எம் தந்தையாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. “ஓடித்தான் ஆக வேண்டுமென்றால், எதிரே ஆள் வராத இடத்தில் ஓடப்பா” என்று மட்டும் கூறினார்.

எதிரே ஆள் வாராத இடங்கள் நம் நாட்டில் இல்லாமற் போகவில்லை. 1953-ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார், சோழவரத்திலிருந்த பழைய விமானத் தளத்தில் நெடுங்காலம் பந்தயங்களை நடத்திவந்தனர். பின்னர்ச் சீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்திற்கென்றே அமைந்த களம் 1990-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அதன் சுற்று 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் உடையது. மாருதி 800 வண்டியின் சிறு யந்திரத்தைக் கொண்டு பந்தய வண்டிகளை அமைத்துப் பல இளைஞர்க்கு வழிகாட்டிய கோவை கரிவரதன் அவர்களின் பெயரால், கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் 2003-ஆம் ஆண்டில் மற்றொரு களம் எழுந்தது. அதன் சுற்று ஏறக்குறைய 2.1 கிலோமீட்டர். கோவையில் வளர்ந்த நாராயண் கார்த்திகேயன் அவர்கள் 2005-ஆம் ஆண்டில் பார்முலா ஒன் பந்தயத்திற் புகுந்த முதல் இந்தியராயினார். இத்தகைய களங்களில், பரிசும் போட்டியுமின்றி, தம் சொந்த வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிப் பழகுவோர்க்கென்று அவ்வப்போது நாள்கள் ஒதுக்கப்படுகின்றன. அவற்றையே களநாள் என்று ஈண்டுக் குறிக்கின்றேன்.

முதலாவது, வண்டியைத் தெரிந்துகொள்ளும் முறை. குதிரைத்திறன் மிக்க வண்டியே சிறந்தது என்பது பொதுவாக நிலவும் எண்ணம். அது பிழை. களத்திற்குப் புதியவருக்கு வேண்டுவது எடை குறைந்த வண்டியேயாம். எடை குறைந்தால் வளைவிலே டயர்கள் தாங்கவேண்டிய சுமை குறையும், நிறுத்துதல் எளிதாகும், டயரும் பிரேக்கும் நீடித்து உழைக்கும். ஆற்றல் மிக்க வண்டியில், நேர்வழியில் யந்திரம் ஈட்டித்தரும் விரைவு, ஓட்டுபவர் வளைவிற் செய்யும் பிழைகளை மறைத்துவிடும். சிறு வண்டியோ அவற்றை மறைப்பதில்லை. ஆதலின் அதுவே நல்லாசிரியன். 2005-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் விற்கப்பெறும் மாருதி ஸ்விப்ட், பழைய ஹோண்டா ஸிட்டி, 2022-ஆம் ஆண்டோடு இந்நாட்டில் உற்பத்தி நின்றுபோன வோக்ஸ்வாகன் போலோ ஆகியன இக்களங்களிற் பழகிய வண்டிகளாம்.

பழைய வண்டியை வாங்குவோர் அதன் வண்ணத்தைப் பாராது எலும்பைப் பார்த்தல் வேண்டும். முன்பு மோதி நசுங்கிப் பின் நிமிர்த்தப்பட்ட சட்டமுடைய வண்டியை எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும் விலக்குக. யந்திரத்தின் அழுத்தம் எல்லாச் சிலிண்டர்களிலும் ஒத்திருக்கின்றதா, எண்ணெய் கசிகின்றதா, கியர் மாற்றுகையில் முரலும் ஓசை எழுகின்றதா என்பவற்றை ஆராய்க. உதிரியுறுப்புகள் அண்மை நகரில் எளிதிற் கிடைக்குமா என்பதையும் உசாவுக. வண்டிக்கென வைத்துள்ள பணம் முழுவதையும் வாங்குவதிலேயே செலவிடலாகாது. மூன்றில் ஒரு பங்கையேனும் செப்பஞ்செய்தற்கு ஒதுக்குதல் நலம்.

இரண்டாவது, செப்பஞ்செய்யும் முறை. இதில் வரிசையே முதன்மையானது. என் தமையனார் தம் இருசக்கர வண்டியை விற்றுப் பழைய ஸ்விப்ட் ஒன்றை வாங்கினார். வாங்கியவுடன், முழங்கும் புகைக்குழலையும் அகன்ற சக்கரங்களையும் பூட்டினார், பிரேக்கில் கைவைக்கவில்லை. முதற் களநாளில், மூன்றாம் சுற்றிலே, வளைவொன்றை அணுகுங்கால் பிரேக்கு மிதி தடையின்றித் தரைவரை அமிழ்ந்துவிட்டது. வளைவிற்கப்பால் விடப்பட்டிருந்த வெற்று நிலம் அவரைக் காத்தது. உடன் சென்றிருந்த நான் அப்புழுதியைக் கண்ட காட்சி இன்றும் என் கண்முன் நிற்கின்றது. அதே குற்றம் தருமபுரிச் சாலையில் நேர்ந்திருப்பின் யாது விளைந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

அக்குற்றத்தின் காரணம் எளிது. 1,000 கிலோ எடையுள்ள வண்டியொன்று மணிக்கு 144 கிலோமீட்டர் விரைவில் வருகின்றது எனக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 8 லட்சம் ஜூல். அவ்விரைவைப் பாதியாகக் குறைத்தால் எஞ்சும் ஆற்றல் 2 லட்சம் ஜூல். ஏனெனில் விரைவு இருமடங்கானால் ஆற்றல் நான்மடங்காகும். நீங்கிய 6 லட்சம் ஜூலில் பெரும்பகுதி பிரேக்குத் தட்டுகளிலும் கட்டைகளிலும் வெப்பமாக மாறுகின்றது. ஒவ்வொரு வளைவிலும் இங்ஙனம் நேரவே, அவ்வெப்பம் பிரேக்கு எண்ணெயைச் சேர்கின்றது. அவ்வெண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. டாட் 4 என்னும் வகை புதிதாயிருக்குங்கால் 230 பாகை செல்சியசுக்குக் குறையாத கொதிநிலை உடையது. ஈரமேறியபின் அவ்வெல்லை 155 பாகையாகத் தாழ்கின்றது. எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி நிரம்பும். ஆவி அமுங்குமேயன்றி அழுத்தத்தைச் சக்கரத்திற்குக் கொண்டுசெல்லாது. ஆகவே ஒவ்வொரு களநாளுக்கும் முன் புதிய பிரேக்கு எண்ணெய் ஊற்றிக் காற்றை முற்றும் வெளியேற்றுக. வெப்பந்தாங்கும் கட்டைகளைப் பொருத்துக. செலவின் முதற்பகுதி இதற்கே உரியது.

அடுத்தது டயர். வண்டிக்கும் நிலத்திற்கும் உள்ள உறவு உள்ளங்கையளவான நான்கு இடங்களிலேயே அமைந்துள்ளது. ஓடும்போது டயர் வெப்பமுற, உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறும். குளிர்ந்த நிலையில் 30 பவுண்டு இருந்த காற்று, சில சுற்றுகளுக்குப்பின் 35 பவுண்டாகவோ அதற்கு மேலாகவோ ஏறுவதுண்டு. ஆதலின் களத்தினின்றும் வந்தவுடன் அளந்து, மிகுதியைக் குறைத்து, குறித்து வைத்துக்கொள்க. டயரின் வெளியோரம் மட்டும் தேய்ந்திருப்பின் காற்றுக் குறைவென்றோ, சக்கரத்தின் சாய்வு போதாதென்றோ அறிக. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருப்பின் காற்று மிகை என்று அறிக. வீடு திரும்புமுன் காற்றை உரிய அளவிற்கு நிரப்ப மறத்தலாகாது.

மூன்றாவது, சக்கரங்களின் கோணம். வளைவிலே வண்டி வெளிப்புறமாகச் சாயும். அப்போது வெளிச்சக்கரம் தன் ஓரத்தில் மட்டும் ஊன்றும். அதனைத் தடுக்கச் சக்கரத்தின் மேற்பகுதியைச் சிறிது உட்புறமாகச் சாய்த்து வைப்பர். பட்டறைகளில் இதனைக் காம்பர் என்பர். முன்சக்கரங்களால் இழுக்கப்படும் வண்டிகள், வளைவில் திருப்பிய அளவிற்குத் திரும்பாமல் வெளியே தள்ளிச் செல்லும் இயல்பின. முன்சக்கரச் சாய்வைச் சிறிது மிகுத்தலும், பின்புறத்தைச் சற்றே இறுக்குதலும் அக்குறையைத் தணிக்கும். ஸ்பிரிங்குகள் கடினமாயிருந்தால் நலம் என எண்ணி அளவிறந்து இறுக்குவோர் உளர். மேடுபள்ளத்தில் சக்கரம் நிலத்தைவிட்டுத் துள்ளுமாயின் அவ்விறுக்கத்தால் பயன் யாது? நிலத்தைத் தொடாத டயருக்குப் பிடிப்பில்லை. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக. மாற்றியதையும் அதன் பயனையும் ஏட்டில் எழுதுக. ஒருங்கே மூன்றை மாற்றியவர் எதனால் நலம் விளைந்தது என்று அறியமாட்டார்.

யந்திரத்தை இறுதியிற் கருதுக. அதன் ஆற்றலை மிகுத்தல் தொடக்கத்தில் வேண்டுவதில்லை. அதன் நலத்தைக் காத்தலே வேண்டும். நெடிய வளைவுகளில் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்குமாதலால், எண்ணெயின் அளவு மேற்குறிக்கு அருகில் இருத்தல் வேண்டும். நம் நாட்டு வெயிலில் ரேடியேட்டரும் விசிறியும் பழுதின்றி இருத்தல் வேண்டும். ஓட்டம் முடிந்தபின் ஒரு சுற்றை மெதுவாக ஓட்டி வண்டியை ஆறவிடுக. நிறுத்தியபின் கைப்பிரேக்கை இழுக்காது, கியரில் நிறுத்திச் சக்கரத்திற்குக் கட்டையிடுக; கொதிக்கும் பிரேக்குத் தட்டுகளைக் கட்டை அழுத்தியிருத்தல் தீது.

களத்திற் புகுமுன் சக்கரத் திருகுகளை அளவுக்கருவியால் முடுக்குக. வண்டியினுள் உருளும் பொருள் எதனையும் வைக்கற்க. தலைக்கவசமும் இருக்கைக் கச்சையும் இன்றி ஏறற்க. மற்றொன்று: நம் நாட்டில் வழங்கும் மோட்டார் காப்புறுதிப் பத்திரங்கள், ஒழுங்குசெய்யப்பட்ட பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கியே எழுதப்படுகின்றன. ஆதலின், பத்திரத்தைப் படித்துப் பார்த்து, இழந்தால் தாங்கிக்கொள்ளத்தக்க வண்டியையே களத்திற்குக் கொண்டுசெல்க. கடன்பட்டு வாங்கிய வண்டியும், குடும்பத்தார் நம்பியிருக்கும் வண்டியும் இதற்கு ஆகா.

என் தமையனார் புகைக்குழலைக் கழற்றி விற்று, அப்பணத்தால் பிரேக்கைச் செப்பஞ்செய்தார். ஆண்டிற்கு இருமுறை களத்திற்குச் செல்கின்றார். காலிழந்த நண்பரும் உடன் சென்று, கடிகாரமும் ஏடும் கையிற் கொண்டு சுற்றுதோறும் நேரங் குறிக்கின்றார். தருமபுரிச் சாலையில் இப்போது தமையனாரின் வண்டியை மாட்டுவண்டியும் முந்திச் செல்லும் என எம்மூரார் நகைப்பர். அந்நகைப்பே எம் தாயாருக்கு மகிழ்ச்சியாயிற்று.

அகநானூற்றின் நான்காம் பாட்டில், விரைந்து வரும் தலைவன், மலரில் தேனுண்ணும் வண்டுகள் அஞ்சுமே என்று தன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவைத்தான் எனக் காண்கின்றோம். காதலியைக் காணும் விரைவிலும் சிற்றுயிர்க்கு இடர் செய்யலாகாது என்னும் நினைவு அவனிடத்து இருந்தது. விரைவை வேண்டா என்று இளைஞரை விலக்குதல் அரிது; பிறர்க்கு இடரில்லா இடத்தில், காக்கும் கருவிகளை முதலிற் செப்பஞ்செய்துகொண்டு விரைக என்று கூறுதல் இயலும். அத்தகைய விரைவு பழிக்கத்தக்கதன்று, பயிலத்தக்கதொரு கலையேயாம்.