தைராய்டு மாத்திரையைப் பாதியாக உடைக்கலாமா? புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு டோஸ் கணக்கு எப்படி வேலை செய்கிறது?

தைராய்டு புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம் ஆன 30 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். எடை 60 கிலோ. தினமும் காலையில் 100 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்று. இந்த முறை ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "டோஸைக் கொஞ்சம் ஏத்தணும்மா" என்கிறார். சீட்டில் இப்படி எழுதுகிறார்: திங்கள் முதல் வெள்ளி வரை 1 மாத்திரை, சனி, ஞாயிறு ஒன்றரை மாத்திரை.

வீட்டில் அம்மாவுக்கு ஒரே சந்தேகம். "கேன்சருக்குப் பாக்குற டாக்டர் மாத்திரையை உடைச்சு சாப்பிடச் சொல்வாரா? ஒழுங்கா ஒரே மாத்திரையா எழுதித் தரக்கூடாதா?"

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சீட்டுக்குப் பின்னால் ஒரு சரியான கணக்கு இருக்கிறது. அது புரிந்தால் பயமும் போகும், தப்பும் நடக்காது.

ஏன் இவ்வளவு துல்லியம்?

தைராய்டு சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டால், உடம்புக்குத் தேவையான தைராக்சின் ஹார்மோனை வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். அதுதான் லெவோதைராக்சின் மாத்திரை. ஆனால் புற்றுநோய் வந்தவர்களுக்கு இதே மாத்திரைக்கு இரண்டாவது வேலையும் உண்டு.

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, டிஎஸ்ஹெச் என்ற ஹார்மோனை அனுப்பி தைராய்டை வேலை வாங்குகிறது. பாப்பிலரி, ஃபாலிக்குலர் வகைப் புற்றுநோய்களில், எங்காவது மிச்சமிருக்கும் செல்களையும் இதே டிஎஸ்ஹெச் தூண்டிவிடலாம். ரத்தத்தில் தைராக்சின் போதுமான அளவு இருந்தால் பிட்யூட்டரி அடங்கிவிடும், டிஎஸ்ஹெச் குறையும். அதனால்தான் சிலருக்குச் சாதாரணத் தேவையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே டோஸ் தரப்படுகிறது.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் ஒன்றல்ல. அமெரிக்க தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல்படி, புற்றுநோய் திரும்பும் அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கு ஆரம்பத்தில் டிஎஸ்ஹெச் 0.1-க்குக் கீழே இருக்க வேண்டும். நடுத்தர அபாயம் என்றால் 0.1 முதல் 0.5 வரை. அபாயம் குறைவு, மிச்சம் எதுவும் இல்லை என்றால் 0.5 முதல் 2 வரை இருந்தாலே போதும். மெடுல்லரி வகைப் புற்றுநோய்க்கு இந்த அடக்கும் சிகிச்சை தேவையே இல்லை. அந்தச் செல்கள் டிஎஸ்ஹெச் சொல்வதைக் கேட்பதில்லை.

"அப்போ நிறைய சாப்பிட்டா இன்னும் நல்லதுதானே?" என்று தோன்றலாம். இல்லை. டோஸ் அதிகமானால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரும். வருடக்கணக்கில் அப்படியே போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். வயதானவர்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆக, இரண்டு பக்கமும் பள்ளம். நடுவில் இருக்கும் பாதை குறுகலானது.

12 மைக்ரோகிராமில் என்ன வந்துவிடப் போகிறது?

ஆபரேஷனுக்குப் பிறகு பொதுவாக ஒரு கிலோ எடைக்கு 1.6 மைக்ரோகிராம் என்று தொடங்குவார்கள். 60 கிலோவுக்கு 96. கையில் கிடைக்கும் மாத்திரை 100. டிஎஸ்ஹெச்சை அடக்க வேண்டுமென்றால் ஒரு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் வரை, அதாவது 120 வரைகூடப் போகலாம். பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் தைராக்சின் கொஞ்சம் மாறினாலே டிஎஸ்ஹெச் பல மடங்கு மாறும். அதனால் 12 மைக்ரோகிராம்கூட ரிப்போர்ட்டில் தெரியும்.

மார்க்கெட்டில் 88, 112, 137 என்று இடைப்பட்ட அளவுகளிலும் மாத்திரைகள் உண்டு. ஆனால் எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதோடு 100 மாத்திரை பாட்டில் ஒன்று பாதி காலியாகாமல் வீட்டில் இருக்கும். அங்கேதான் உடைப்பதும், நாள் மாற்றிச் சாப்பிடுவதும் வருகின்றன.

ரகசியம்: 7 நாள்

லெவோதைராக்சின் உடம்பில் மெதுவாகத்தான் கரைகிறது. இன்று ரத்தத்தில் உள்ள அளவு பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். அதனால் உடம்பு பார்ப்பது இன்றைய மாத்திரையை அல்ல, வாரத்தின் மொத்தத்தை.

டாக்டரின் இலக்கு தினமும் 112 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 784. இதை அடைய மூன்று வழிகள்:

ஒன்று, ஒருநாள் 100, மறுநாள் 125 என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவது. சராசரி 112.5.

இரண்டு, தினமும் 100-உடன் 25 மாத்திரையில் பாதி. அதுவும் 112.5.

மூன்று, அந்தச் சீட்டில் இருந்த முறை. ஐந்து நாள் 100, இரண்டு நாள் 150. வாரத்துக்கு 800, சராசரி 114.

இலக்குக்கும் மூன்றாவது வழிக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 2 சதவீதம். இதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. ஒரே பாட்டில் போதும். சனிக்கிழமை உடைத்த மாத்திரையின் மறுபாதி ஞாயிற்றுக்கிழமைக்கு. ஒரு பாதி கொஞ்சம் பெரிதாக, இன்னொன்று சிறிதாக உடைந்தாலும், இரண்டும் அடுத்தடுத்த நாளில் அதே வயிற்றுக்குள்தான் போகின்றன. வாரக் கணக்கு இடிக்காது.

ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தாது. இதய நோய் உள்ளவர்களுக்கு ஒரே நாளில் அதிக டோஸ் தருவதைத் தவிர்க்கவே டாக்டர்கள் விரும்புவார்கள். டி3 எனப்படும் லியோதைரோனின் மாத்திரைக்கும் இந்தக் கணக்கு செல்லாது. அதன் பாதி ஆயுள் சுமார் ஒரு நாள்தான்.

உடைக்கும்போது கவனிக்க வேண்டியவை

நடுவில் கோடு உள்ள மாத்திரைதான் பாதியாக உடைக்க வசதியானது. சமையலறைக் கத்தி வேண்டாம். பாதி சிதறும், மீதி தூளாகும். மெடிக்கல் ஷாப்பிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் மாத்திரை கட்டர் போதும். கால் பாகமாக உடைப்பதைத் தவிர்ப்பது நல்லது. சின்ன மாத்திரை, அளவு நிச்சயமாக மாறும்.

முக்கியமான இன்னொன்று: பாட்டில் முழுவதையும் ஒரே நாளில் உடைத்து வைக்காதீர்கள். லெவோதைராக்சினுக்கு வெயில், வெளிச்சம், ஈரம் மூன்றும் ஆகாது. தேவைப்படும் நாளில் ஒன்றை மட்டும், காய்ந்த கையால் உடையுங்கள். மறுபாதியை அதே பாட்டிலில் போட்டு இறுக்கி மூடுங்கள். பாட்டிலை பாத்ரூம் அலமாரியிலோ, வெயிலில் நிற்கும் காரிலோ வைக்க வேண்டாம்.

இந்த மருந்தின் வீரியம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, 2007-ல் இதற்கான விதியை இறுக்கியது. அதுவரை குறிப்பிட்ட அளவில் 90 முதல் 110 சதவீதம் வரை இருக்கலாம் என்றிருந்ததை, காலாவதி தேதி வரைக்கும் 95 முதல் 105 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று மாற்றியது. பிராண்டை அடிக்கடி மாற்றாதீர்கள் என்று டாக்டர்கள் சொல்வதும் இதனால்தான்.

சரியாக உடைத்தும் கணக்கு தப்புவது எங்கே?

பல நேரம் தப்பு மாத்திரையில் இல்லை, சாப்பிடும் நேரத்தில் இருக்கிறது. வெறும் வயிற்றில், தண்ணீரோடு, காலை உணவுக்கும் காபிக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் சாப்பிட வேண்டும். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்குக் கால்சியம் மாத்திரையும் தருவார்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் தைராக்சின் முழுதாக உடம்பில் சேராது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பயோட்டின் சில லேப் பரிசோதனைகளைக் குழப்பி, டிஎஸ்ஹெச் குறைவாக இருப்பதுபோல் காட்டிவிடும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் சிக்கல். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்வது வழக்கம்.

டோஸ் மாற்றிய அடுத்த வாரமே லேபுக்கு ஓடுவதிலும் பயனில்லை. புதிய அளவு ரத்தத்தில் நிலைபெறவே ஐந்து வாரம் ஆகும். அதனால்தான் 6 முதல் 8 வாரம் கழித்து வரச் சொல்கிறார்கள். ஒரே ஒரு விதிவிலக்கு கர்ப்பம். கர்ப்பம் உறுதியானதுமே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். தைராக்சின் தேவை அப்போது உடனே கூடும்.

மெடிக்கல் ஷாப்பில் '100' கிடைக்கவில்லை, '50' இருக்கிறது என்றால், இரண்டாகப் போட்டால் கணக்கு ஒன்றுதான். ஆனால் சீட்டில் 0.1 மில்லிகிராம் என்று இருந்தால் அதுவும் 100 மைக்ரோகிராம்தான் என்பது நினைவிருக்கட்டும். புள்ளியைத் தவறாகப் படித்தால் டோஸ் பத்து மடங்கு மாறும்.

இவ்வளவு தெரிந்த பிறகும் டோஸை நீங்களே மாற்றக் கூடாது. இலக்கு 0.1-ஆ, 0.5-ஆ, 2-ஆ என்பதை முடிவு செய்வது உங்கள் பயாப்ஸி ரிப்போர்ட்டும், அதைப் படித்த டாக்டரும்தான். அடுத்த முறை போகும்போது "என் டிஎஸ்ஹெச் இலக்கு என்ன டாக்டர்?" என்று கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவுக்கான பதிலும் இப்போது தெளிவு. டாக்டர் எழுதிய ஒன்றரை மாத்திரை அவசரத்தில் எழுதியது அல்ல. வாரத்துக்கு 800 மைக்ரோகிராம் என்று கணக்குப் போட்டு எழுதியது. வீட்டில் செய்ய வேண்டியது, காலண்டரில் சனி, ஞாயிறு கட்டங்களில் '1½' என்று எழுதி வைப்பது மட்டும்தான்.