அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்களா? ஐ-20 படிவத்தில் வரும் தொகையில் இருந்து தொடங்குங்கள்

3,63,019. 2024-25 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்களின் எண்ணிக்கை இது என்கிறது 'ஓப்பன் டோர்ஸ்' ஆண்டறிக்கை. அதற்கு முந்தைய ஆண்டில் 3,31,602. எந்த நாட்டைவிடவும் நம் மாணவர்கள்தான் அதிகம். பார்க்க நல்லாத்தான் இருக்கு.

கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். எம்.எஸ்., பிஎச்.டி. போன்ற மேற்படிப்புகளில் சேர்ந்திருந்த இந்தியர்கள் 1,96,567-லிருந்து 1,77,892 ஆகக் குறைந்திருக்கிறார்கள். கூடியது வேறொரு பிரிவு. படிப்பை ஒட்டி வேலை பார்க்க அனுமதிக்கும் ஓபிடி-யில் இருப்பவர்கள் 97,556-லிருந்து 1,43,740 ஆகிவிட்டார்கள். இவர்களில் பெரும்பாலோர் முன்பே போய்ப் படிப்பை முடித்தவர்கள். அதாவது, மொத்த எண் ஏறினாலும் மேற்படிப்பு வகுப்பறைகளில் நம் ஆட்கள் குறைந்திருக்கிறார்கள்.

இன்னொரு எண்ணும் உண்டு. 2023 அக்டோபர் முதல் 2024 செப்டம்பர் வரையிலான அமெரிக்க நிதியாண்டில், எல்லா நாடுகளிலிருந்தும் வந்த எஃப்-1 மாணவர் விசா விண்ணப்பங்களில் சுமார் 41 சதவீதம் நிராகரிக்கப்பட்டன. முந்தைய ஆண்டில் இது 36 சதவீதம். நிராகரிக்கப்பட்டவர்களிடம் பல்கலைக்கழகத்தின் ஐ-20 இருந்தது. அது இல்லாமல் விசா கேட்கவே முடியாது.

அட்மிஷனும் விசாவும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படியில்லை. உங்களால் படிக்க முடியுமா என்று பார்ப்பது பல்கலைக்கழகம். யார் பணம் கட்டுவார்கள், படிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவீர்களா என்று பார்ப்பது தூதரக அதிகாரி. இரண்டையும் இணைக்கும் தாள்தான் ஐ-20.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது?

பல்கலைக்கழகம் உங்களுக்குக் கொடுக்கும் தகுதிச் சான்று அது. படிப்பின் பெயர், தொடங்கும் தேதி எல்லாம் இருக்கும். முக்கியமானது செலவுக் கட்டம். ஓராண்டுக் கல்விக் கட்டணம், தங்கும் செலவு, மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்து ஒரு தொகை. அதே அளவு பணம் உங்களிடம் எங்கிருந்து வருகிறது என்ற விவரம் அதற்குக் கீழே. ஆதாரம் காட்டினால்தான் ஐ-20 கையில் வரும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஐ-20 தொகை 55,000 டாலர், டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 49.5 லட்சம் ரூபாய். வேறொரு பல்கலைக்கழகத்தில் அதே படிப்புக்கு 38,000 டாலர் என்றால் 34.2 லட்சம். வித்தியாசம் 15 லட்சத்துக்கு மேல். இது முதல் வருடத்துக்கு மட்டும். எம்.எஸ். பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு வருடம். ரூபாய் இன்னும் சரிந்தால், டாலருக்குக் கூடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 55,000 ரூபாய் ஏறும்.

அதனால் தரவரிசைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு மேலிருந்து டிக் அடிக்கும் பழக்கத்தை விடச் சொல்வேன். முதலில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பக்கத்துக்குப் போய் ஓராண்டுச் செலவை எழுதிக்கொள்ளுங்கள். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே இதைச் செய்ய முடியும், செலவில்லாத வேலை. பட்டியலில் பாதி தானாகக் கழிந்துவிடும். விண்ணப்பமும் சும்மா வராது. தலா 100 டாலர் வீதம் எட்டு இடங்களுக்குப் போட்டால் 72,000 ரூபாய். ஜிஆர்இ தேர்வுக் கட்டணம் மட்டுமே இருபதாயிரத்தைத் தாண்டும். ஆங்கிலத் தேர்வு தனி.

இன்னொன்றையும் அப்போதே பாருங்கள். பி.எஸ்சி., பி.காம். போன்ற மூன்று வருடப் பட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் முதுகலைக்கு ஏற்பதில்லை, சில நிபந்தனையோடு ஏற்கின்றன. 'பார்த்துக்கலாம் சார்' என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள், பல்கலைக்கழகத்துக்கே மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பல ஏஜென்டுகளுக்குப் பல்கலைக்கழகங்கள் கமிஷன் தருகின்றன. ஃபீஸே வாங்காத ஆலோசகர் எதனால் அந்த மூன்று பெயர்களையே திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று கேட்பதில் தப்பே இல்லை.

வீட்டுப் பத்திரம் யார் பெயரில்?

காலம் கரைவது இங்கேதான். ஆகஸ்ட்-செப்டம்பரில் தொடங்கும் வகுப்புகளுக்குப் பெரும்பாலான கெடு தேதிகள் முந்தைய டிசம்பர், ஜனவரியில். பதில்கள் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வரும். அதற்குப் பிறகு பேங்கில் போய் நின்றால் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வக்கீல் கருத்து, மதிப்பீடு என்று வாரக்கணக்கில் இழுக்கும். பத்திரம் இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் கேட்கவே வேண்டாம். வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் கையெழுத்து என்று குடும்பப் பஞ்சாயத்தே நடக்கும். விண்ணப்பம் போடும் மாதத்திலேயே இந்தக் காகிதங்களைத் திரட்டத் தொடங்குங்கள். அட்மிஷனுக்கு முன்பே கொள்கை அளவில் கடனை அனுமதிக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. வீட்டை அடமானம் வைக்காமல் தரும் கடனுக்கு வட்டி பொதுவாக அதிகம்.

பலர் குழப்பிக்கொள்ளும் விஷயம் ஒன்று. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம்-வித்யாலட்சுமி திட்டம் இந்தியாவில் உள்ள தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான். அமெரிக்கப் படிப்புக்கு அது உதவாது. டிசிஎஸ் வரியில் மட்டும் சின்ன ஆறுதல்: அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து அனுப்பும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் அது கிடையாது. சொந்தப் பணம் என்றால் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு உண்டு, வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம்.

பிளஸ் 2 முடித்து இளங்கலைக்குப் போவோர் குறைவு, 2024-25-இல் 40,135 பேர். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்கள் வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பார்க்காமல் தேர்வு செய்து, தேவைப்படும் உதவியை முழுவதும் தருகின்றன. இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மற்ற பெரும்பாலான கல்லூரிகளில் நீங்கள் உதவி கேட்பதே முடிவைப் பாதிக்கலாம்.

ஜன்னலுக்கு முன்னால் சில நிமிடங்கள்

ஐ-20 வந்ததும் செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். 2025 ஜூலையில் வந்த சட்டம் 250 டாலர் கூடுதல் கட்டணத்துக்கும் வழி செய்திருக்கிறது. பணம் கட்டும் நாளில் தூதரகத்தின் தளத்தைப் பார்த்துவிடுங்கள். மாணவர் விசா கேட்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்பது 2025 ஜூனில் வந்த விதி. நேர்காணலுக்கு இங்கே தேதி கிடைக்கவில்லை என்று வேறு நாட்டுக்குப் பறந்து போய் முயற்சிப்பதும் இப்போது சரிவராது. சொந்த நாட்டிலோ, வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் அறிவித்துவிட்டார்கள்.

நேர்காணல் பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். ஏன் இந்தப் பல்கலைக்கழகம், யார் செலவு செய்கிறார்கள்? ஃபைல் நிறையக் கொண்டுபோன காகிதங்களை அதிகாரி கேட்காமலே போகலாம். அப்பாவின் வருமானம், கடன் தொகை, ஐ-20 தொகை மூன்றும் உங்கள் வாயிலிருந்து தடுமாறாமல் வர வேண்டும். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவும் வேண்டும். 'ஓபிடி சம்பளத்துல அடைச்சிடுவேன்' என்று அங்கே சொன்னால், திரும்பி வரும் எண்ணம் இல்லை என்று அதிகாரி எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

வீட்டுக் கணக்கிலும் அந்தச் சம்பளத்தை உறுதியான வரவாக எழுதாதீர்கள். ஓபிடி 12 மாதம், அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்புகளுக்கு இன்னும் 24 மாதம். அதற்குப் பிறகு எச்-1பி குலுக்கல். புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற 2025 செப்டம்பர் உத்தரவு, அமெரிக்காவுக்குள் இருந்தபடியே மாணவர் நிலையிலிருந்து மாறுபவர்களுக்குப் பொருந்தாது என்று குடியேற்றத் துறை விளக்கியிருக்கிறது. ஆனால் குலுக்கலில் பெயர் விழ வேண்டுமே. இந்தியச் சம்பளத்தில் மாதத் தவணை கட்ட முடியுமா என்றும் ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

நிராகரித்தால்? மாணவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் 214(பி) பிரிவு. அதற்கு மேல்முறையீடு கிடையாது, ஆனால் மறுபடியும் விண்ணப்பிக்கலாம். விசா கட்டணம் திரும்ப வராது. 12 மாதத்துக்குள் அதே வகை விசாவுக்கு முயற்சித்தால் செவிஸ் கட்டணத்தை மறுபடி கட்டத் தேவையில்லை. அன்றைக்கே பல்கலைக்கழகத்துக்கு எழுதி, அடுத்த பருவத்துக்கு இடத்தைத் தள்ளிவைக்க முடியுமா, கட்டிய முன்பணம் என்னவாகும் என்று கேளுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்னாலேயே இந்த இரண்டு கேள்விக்கும் மெயிலில் பதில் வாங்கி வைத்திருந்தால் இன்னும் நல்லது.