முசூரியில் பிறந்த முன்கள வீரர்

ஹென்றி ரென்னி-டெய்லியர் (1849–1920). பிறந்தது இமயமலைச் சாரலில், முசூரியில். உத்தியோகம் பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் படையில். 1872 பிப்ரவரி 5 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில், ஸ்காட்லாந்து ரக்பி அணிக்காக இங்கிலாந்தை எதிர்த்து இறங்கினார்.

அப்போது அணிக்கு 20 பேர். அதில் பெரும்பாலோர் முன்களத்தில்தான். நிமிர்ந்து நின்றபடியே ஒரே திரளாக மோதி, நடுவில் கிடக்கும் பந்தைக் காலால் உந்திக்கொண்டே எதிரணியைத் தள்ள வேண்டும். பந்து எங்கே என்று பலருக்குத் தெரியவே தெரியாது. பெரிய கோயில் தேருக்கு வடம் பிடித்தவர்களுக்கு அந்த நெரிசல் புரியும். பந்தைக் குதிகாலால் பின்னே தட்டிக் கொடுப்பதெல்லாம் பின்னாளைய உத்தி. 1877-இல் சர்வதேச அணி 15 பேராகக் குறைந்த பிறகுதான் ஆட்டத்துக்கு மூச்சு வந்தது.

ரக்பியில் நாட்டுக்காக அவர் ஆடியது 1872-இன் அந்த ஒரே ஆட்டம். மறுவருடம் மார்ச் 8, அதே ஓவலில், கால்பந்து: ஸ்காட்லாந்து 2–4 எனத் தோற்றது, ஆனால் அந்நாட்டின் முதல் சர்வதேச கோல் இவர் அடித்தது. ஸ்காட்லாந்துக்கு இந்த இரண்டு விளையாட்டும் ஆடிய ஆண் வேறு எவரும் இல்லை. 1875-இல் கால்பந்தின் எஃப்.ஏ. கோப்பையும் வென்றார். போதாதென்று கென்ட் அணிக்குக் கிரிக்கெட் வேறு.

அதே 1872 கிறிஸ்துமஸ் அன்று, அவர் பிறந்த நாட்டில், கல்கத்தாவிலும் ரக்பி நடந்தது. அங்கே உருவான கிளப், ஆட்கள் போலோ பக்கம் சாய்ந்ததும் கலைந்தது. மிச்சமிருந்த 270 வெள்ளி ரூபாயை உருக்கிக் கோப்பை செய்தார்கள். கைப்பிடிகள் மூன்றும் நாகம், மூடியில் யானை. 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதிக்கொள்வது இந்தக் கல்கத்தா கோப்பைக்குத்தான்.