அம்மாவின் சம்பளச் சீட்டு

எங்கள் தங்கா பத்தில் தொழிற்சாலை பஸ்ஸை அறியாத குடும்பம் குறைவு. மலாக்கா பத்து பெரெண்டாமில் 1973இல் சீமென்ஸ் தொடங்கிய மின்னியல் ஆலை 1999இல் இன்ஃபினியன் ஆனது. இத்தகைய ஆலைகளில் சில்லுகளுக்குக் கம்பி இணைத்து, உறையிட்டு, சோதித்து அனுப்புவார்கள். இயந்திரம் ஓய்வதில்லை, ஆகவே மனிதர்களுக்கு ஷிப்ட்.

1955 வேலைச் சட்டப்படி, தொழிலாளர் இலாகாவின் விலக்கு இருந்தால்தான் பெண்களை ஆலையில் இரவு வேலைக்கு அமர்த்த முடிந்தது. 2023இல் அந்த விதி நீக்கப்பட்டது. அதே ஆண்டில் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்தது. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 ஆக உயர்ந்தது.

வேறோர் ஆலையில் இருபது ஆண்டுகளாக உழைக்கும் என் அம்மாவுக்கு இவை தெரியாது. அச்சட்டப்படி ஓவர்டைமுக்குச் சாதாரண நாளில் 1.5 மடங்கு, ஓய்வு நாளில் 2, பொது விடுமுறையில் 3 மடங்கு ஊதியம் உண்டு. அந்த ஊதியத்தில் படித்த நாம், இம்மாதச் சம்பளச் சீட்டையாவது வாங்கிக் கணக்குப் பார்த்துச் சொல்வோமே!