தலைவலிக்கு இனிப்பு உருண்டை!

எட்டிக்காய் விஷம். இது குழந்தைக்கும் தெரியும். அந்த எட்டிக்கொட்டையிலிருந்து தலைவலிக்கு மருந்து செய்கிறார்கள். அதுவும் இனிப்பு மருந்து!

ஜவ்வரிசி போன்ற வெள்ளை உருண்டைகள். நாக்கில் போட்டால் கரைந்துவிடும். இதுதான் ஓமியோபதி.

பட்டையைத் தின்ற டாக்டர்

இந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்தவர் சாமுவேல் ஹானிமன். ஜெர்மன் நாட்டு டாக்டர்.

1790-ம் ஆண்டில் அவர் ஒரு சோதனை செய்தார். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் சிங்கோனா மரப்பட்டையைத் தாமே தின்றார். அவருக்குக் காய்ச்சல் இல்லை. ஆனால் காய்ச்சல் கண்டவர் போல ஆகிவிட்டார்!

"முள்ளை முள்ளால் எடு" என்பார்களே, அதுபோல ஒரு முடிவுக்கு வந்தார். எந்தப் பொருள் ஒரு தொல்லையை உண்டாக்குமோ, அதுவே அந்தத் தொல்லையைத் தீர்க்கும் என்றார்.

ஆளுக்கு ஒரு மருந்து

தலைவலி என்று போனால், ஓமியோபதி டாக்டர் பல கேள்விகள் கேட்பார்.

"விண் விண்" என்று தெறிக்கிறதா? பெல்லடோனா. அசைந்தாலே வலி கூடுகிறதா? பிரையோனியா. அஜீரணமும் சேர்ந்திருக்கிறதா? நக்ஸ் வாமிகா. இதுதான் எட்டிக்கொட்டை மருந்து!

விஷம் எங்கே போயிற்று?

ஒரு சொட்டுச் சாறு. அதோடு 99 சொட்டு ஆல்கஹால். நன்றாகக் குலுக்குவார்கள். அதில் ஒரு சொட்டு எடுத்து, மறுபடியும் 99 சொட்டு. இப்படி 30 தடவை செய்தால், "30" என்ற வீரியம். அதைச் சர்க்கரை உருண்டையில் தெளிப்பார்கள்.

12 தடவை தாண்டினாலே, மூலப்பொருளில் ஒரு துகள்கூட மிஞ்சுவது அரிது. விஷமும் இல்லை. மருந்தும் இல்லை!

குலுக்கக் குலுக்க வீரியம் ஏறும் என்பது ஓமியோபதிக்காரர்கள் கட்சி. விஞ்ஞானிகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பல ஆராய்ச்சிகளை அலசியது. எந்த நோயையும் ஓமியோபதி தீர்க்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று 2015-ல் அறிவித்தது.

அப்படியானால், பலருக்கு வலி விடுகிறதே?

சாதாரணத் தலைவலி தானாகவே விடும். தூக்கமும், ஓய்வும், "மருந்து சாப்பிட்டோம்" என்ற நிம்மதியும் கைகொடுக்கும்.

காத்திருக்காதீர்கள்!

ஆபத்து உருண்டையில் இல்லை. அதை நம்பிக் காத்திருப்பதில்தான் இருக்கிறது.

இடி விழுந்தது போலத் திடீரென்று கடும் வலியா? காய்ச்சலோடு கழுத்து விறைக்கிறதா? கை, கால் இழுக்கிறதா? பேச்சுக் குழறுகிறதா? பார்வை மங்குகிறதா? தலையில் அடிபட்ட பிறகு வந்த வலியா?

உருண்டையைத் தேடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!